கண்ணாடிப் பெட்டியில் கடல் கடந்த செடிகள்

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரின் தென்பாகத்தில் பவானிபூர் அமைந்துள்ளது. அங்கிருந்து மேற்கு நோக்கி நடந்தால் சிறிது நேரத்தில் ஒரு கால்வாயை அடைகிறோம். இது கங்கையின் பழைய படுகை. வங்க மக்கள் இதனை ஆதி கங்கை என்று போற்றுகின்றனர். 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாலி என்னும் ஆங்கிலேய அதிகாரி இதனைத் தூரெடுத்துப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாக்கினார். ஆகவே அரசாங்க ஏடுகளில் இதற்கு டாலி கால்வாய் என்று பெயர். பாலத்தைக் கடந்தால் அலிப்பூர். அங்கே, 1820-ம் ஆண்டில் வில்லியம் கேரி என்னும் பாதிரியார் தோற்றுவித்த இந்திய விவசாய தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் இருக்கிறது. குளிர்காலம் பிறந்ததும் பவானிபூர்வாசிகள் நாற்றுகளை வாங்கி வந்து, மொட்டை மாடிகளில் மண்தொட்டிகளை வரிசையாக அடுக்கி வளர்க்கிறார்கள். தை மாதத்தில் அம்மாடிகளைக் காண்பது கண்ணுக்கு விருந்து.

அத்தொட்டிகளில் மலரும் டேலியா மெக்சிகோ நாட்டது. சுவரின்மீது படரும் காகிதப்பூக் கொடி தென்னமெரிக்காவினது. சாமந்தியின் பெரும்பூ வகைகள் சீனத்திலும் ஜப்பானிலும் பேணி வளர்க்கப்பட்டவை. இவை இங்கு வந்தது எவ்வாறு? விதையை உறையிலிட்டு அனுப்பலாம். கிழங்கை மணலில் புதைத்து அனுப்பலாம். ஆனால் உலர்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும் விதைகள் பல உண்டு. அத்தகைய செடிகளை உயிருடன்தான் கொண்டுவர வேண்டும். பல மாதக் கடற்பிரயாணத்தில் ஒரு பச்சை இலையை வாடாமல் காப்பது எப்படி? இவ்வினாவுக்கு விடையாக வந்த ஒரு மரப்பெட்டியின் வரலாற்றையே நாம் இங்கு ஆராயப் புகுகிறோம். பெட்டி சிறியது, அதனால் விளைந்த மாறுதல்களோ பெரியவை. அவற்றுள் சில நம் தமிழ் மக்களின் வாழ்வையே புரட்டிப் போட்டவை.

இளஞ்செடியைத் தனியே வைத்துப் பேணும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. நெல்லுக்கு நாற்றங்கால் அமைத்து, தக்க பருவத்தில் நாற்றைப் பிடுங்கி நடுவதை நம் உழவர் தலைமுறை தலைமுறையாக அறிவர். வெற்றிலைக் கொடிக்குக் கடும்வெயில் ஆகாது என்பதற்காக அகத்தியை முன்னரே வளர்த்து, அதன் நிழலில் கொடியைப் படரவிடும் கொடிக்கால் முறை தமிழகத்தில் உண்டு. வங்காளத்திலோ வெற்றிலைக்கு ஒரு வீடே கட்டுகிறார்கள். மூங்கில் கால்களை நட்டு, மேலும் பக்கங்களிலும் நாணலாலும் சணல் குச்சிகளாலும் வேய்ந்து, உள்ளே இளவெயிலும் ஈரக்காற்றும் மட்டும் தங்கும்படி செய்த அவ்வமைப்புக்குப் போரோஜ் என்று பெயர். மரக்கிளையின் பட்டையைச் சீவி, அவ்விடத்தில் ஈரமண்ணை உருண்டையாகப் பிடித்துக் கட்டி, அங்கேயே வேர்விடச் செய்யும் விண்பதியத்தை வங்கத் தோட்டக்காரர்கள் குட்டி கலம் என்பர். 1863-ல் வெளிவந்த பர்மிங்கர் பாதிரியாரின் வங்காளத் தோட்டக்கலை நூல் இம்முறையையும் விவரிக்கிறது. இவற்றின் அடிப்படை ஒன்றே: வேர் ஊன்றும்வரை இளஞ்செடிக்கு அனலும் வறட்சியும் படாமல் காத்தல். நிலத்தில் எளிதாகக் கைகூடிய இந்தக் காவல் கடலில் கைகூடவில்லை.

கப்பலில் செடிக்குப் பகைவர் பலர். அலைகள் வீசியெறியும் உப்புநீர் இலையைக் கருக்கும். அதற்கு அஞ்சிக் கீழ்த்தளத்தில் வைத்தாலோ, வெளிச்சமின்றிச் செடி வெளுத்துச் சாகும். குடிநீர் அளந்து கொடுக்கப்படும் கப்பலில், மனிதருக்கே பற்றாத நீரைச் செடிக்கு ஊற்ற யார் இசைவர்? எலியும் ஆடும் கோழியும் வேறு. 1770-ல் ஜான் எல்லிஸ் என்பவர் கீழ்நாடுகளிலிருந்து விதைகளையும் செடிகளையும் கொண்டுவரும் வழிகளை விளக்கி ஒரு சிறு நூலை வெளியிட்டார். பீப்பாய்களும், கம்பிவலை இட்ட பெட்டிகளும் அக்காலத்தில் வழக்கில் இருந்தன. இருந்தும் பயன் சிறிதே. சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் செடிகளில், ஒன்று பிழைத்தால் ஆயிரம் மடிகின்றன என்று மக்காவ் நகரில் வாழ்ந்த லிவிங்ஸ்டன் என்னும் மருத்துவர் 1819-ல் கணக்கிட்டார்.

செடிக்காகக் கப்பலில் கலகமே மூண்டது என்று கூறும் அளவுக்குப் புகழ்பெற்ற வரலாறு ஒன்று உண்டு. 1787-ல் பௌண்ட்டி என்னும் கப்பல், தாகித்தித் தீவிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு செல்லப் புறப்பட்டது. தலைவரின் பெரிய அறையே தொட்டிகள் அடுக்கும் இடமாக மாற்றப்பட்டது. 1789 ஏப்ரலில் மாலுமிகள் கலகம் செய்து தலைவரைப் படகில் ஏற்றிவிட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளையும் கடலில் வீசினர். கலகத்துக்குக் காரணம் தலைவரின் கடுஞ்சொல்லா, தாகித்தியின் இன்ப வாழ்வா என்பது குறித்துப் பல கருத்துகள் உள. ஆயினும், அடிமை மக்களுக்கு மலிவான உணவு தேடவே அக்கன்றுகள் பிரயாணம் செய்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அதே 1787-ம் ஆண்டில்தான், ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் சிப்பூரில், ராபர்ட் கிட் என்னும் படை அதிகாரியின் முயற்சியால் கல்கத்தா தாவரவியல் தோட்டம் தோன்றியது. 1770-ல் வங்காளத்தைச் சூறையாடிய கொடும்பஞ்சம் அக்காலத்தவர் நினைவிலிருந்து அகலவில்லை. அழகுச் செடிகளைச் சேர்த்து மகிழ்வதற்காக அன்று, சவ்வரிசி தரும் பனை முதலிய உணவுப் பயிர்களைப் பரப்பிப் பஞ்சத்தைத் தணிப்பதற்காகவே தோட்டம் வேண்டும் என்று கிட் கும்பினியாருக்கு எழுதினார். கப்பல் கட்டத் தேக்கு, வாணிபத்துக்கு வாசனைப் பொருள்கள் என்ற நோக்கங்களும் உடன் இருந்தன. கிட் 1793-ல் மறைந்தபின் அப்பொறுப்பை ஏற்ற ராக்ஸ்பர்க், அதற்கு முன் சென்னை மாகாணத்தின் சாமல்கோட்டையில் செடிகளை ஆராய்ந்தவர். பசித்தவனுக்குச் சோறு, வணிகனுக்கு இலாபம் என்னும் இவ்விரு நோக்கங்களும் தொடக்கம் முதலே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தமையை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். மேல்வரும் வரலாறு முழுவதிலும் இப்பின்னலைக் காணலாம்.

கேரி பாதிரியாரைப் பற்றி ஒரு செய்தி. ஸ்ரீராம்பூரில் அவர் பெருந்தோட்டம் ஒன்றை வளர்த்தார். இங்கிலாந்திலிருந்து அவருக்கு விதைகள் வந்தன. விதைகளைத் தனியே எடுத்துக்கொண்டு, அவை வந்த பையில் ஒட்டியிருந்த மண்ணை அவர் நிழலான ஓரிடத்தில் உதறினார். சில நாட்களில் அங்கே எவரும் எண்ணி அனுப்பாத ஒரு சிறு செடி முளைத்தது. அது இங்கிலாந்தின் புல்வெளிகளில் பூக்கும் டெய்சி. தாய்நாட்டுப் பூவைக் கண்டு அவர் பெருமகிழ்ச்சி கொண்டார். மண்ணோடு சேர்ந்து மனிதன் அறியாத உயிர்களும் பிரயாணம் செய்யும் என்பதற்கு இது இனிய சான்று. இதன் இனிமையற்ற பக்கத்தைப் பின்னர்க் காண்போம்.

இனி நம் பெட்டிக்கு வருவோம். நத்தானியேல் பாக்ஷா வார்டு (1791-1868) இலண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மருத்துவர். பெரணிச் செடிகளில் பெருவிருப்பம் கொண்டு, தம் வீட்டு முற்றத்தில் அவற்றை வளர்க்க முயன்றார். ஆலைப்புகை அவற்றைக் கொன்றது. 1829-ல் அவர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் ஈரமண்ணில் புதைத்து மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவருடைய எண்ணம். ஆனால் அதற்கு முன்னரே மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தலைகாட்டின. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிவதையும், அது மீண்டும் துளியாகி மண்ணுக்கே இறங்குவதையும் அவர் கண்டார். முற்றத்தில் மடிந்த செடி மூடிய புட்டியில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தது. மூடி துருப்பிடித்து மழைநீர் புகுந்த பிறகே அழிந்தது.

இக்காட்சியின் பொருளை வார்டு உணர்ந்தார். வானத்தில் மேகமும் மழையுமாக நிகழ்வதே புட்டிக்குள் சிறு அளவில் நிகழ்கிறது. நீர் வெளியேற வழியில்லையாதலால், புதிதாக ஊற்றத் தேவையில்லை. புட்டிக்குப் பொருந்துவது பெட்டிக்கும் பொருந்தாதா? 1833-ல், லாடிஜஸ் என்னும் புகழ்மிக்க செடிப்பண்ணையாரின் துணையுடன், பெரணிகளும் புற்களும் நிறைந்த இரு பெட்டிகளை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு அனுப்பினார். அவை பசுமை குன்றாமல் போய்ச் சேர்ந்தன. 1834 பிப்ரவரியில் அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகளை நட்டுத் திருப்பினர். புறப்படும்போது வெப்பம் பாரன்ஹீட் அளவில் 90-க்கு மேல். தென்னமெரிக்காவின் தென்கோடியில் அது 20-க்கு இறங்கியது. மேல்தளத்தில் பனி படிந்தது. பூமத்திய ரேகையைக் கடக்கையில் 120-க்கு ஏறியது. எட்டு மாதப் பிரயாணத்தில் ஒருமுறைகூட நீர் ஊற்றவில்லை. செடிகளோ நலமாக இங்கிலாந்து அடைந்தன. 1842-ல் வார்டு தம் முறையை நூலாக வெளியிட்டார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், இப்பொருளுக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்று எண்ணிப் பார்த்ததுண்டு. கண்ணாடிப் பெட்டி என்றால் கடைவீதியின் மிட்டாய்ப் பெட்டியே நினைவுக்கு வருகிறது. செடிக்கூண்டு என்றால் அடைத்தல் தோன்றுகிறதே அன்றிக் காத்தல் தோன்றவில்லை. ஆகவே வார்டு பெட்டி என்றே குறிப்பிடுவோம். அதன் அமைப்பு எளியது. தேக்கு போன்ற உறுதியான மரத்தால் ஆன நீள்பெட்டி; அதன்மேல் வீட்டுக்கூரை போல இருபுறமும் சாய்ந்த கண்ணாடிப் பலகணி; கண்ணாடி உடையாமல் காக்கக் கம்பிவலை அல்லது மரச்சட்டம். அடியில் மண்ணைப் பரப்பிச் செடிகளை நட்டு, கப்பல் ஆடும்போது மண் புரளாதபடி குறுக்குச் சட்டங்களை அறைவர். பிறகு இடுக்குகளில் மக்குப் பூசி, வண்ணம் அடித்து, காற்றும் உப்புநீரும் புகாமல் மூடிவிடுவர். தளத்தின் ஈரம் தாக்காமல் இருக்கக் கால்கள், தூக்கக் கயிற்றுப்பிடி. வெயில் படும்படி மேல்தளத்தில் வைத்தால் போதும். எந்தத் துறைமுகத்துத் தச்சரும் செய்யக்கூடிய எளிமையே இதன் வெற்றிக்குக் காரணம்.

வார்டு பெட்டி விரைவிலேயே கல்கத்தாவைத் தொட்டது. சிப்பூர்த் தோட்டத்தின் தலைவரான வாலிச், பர்மாவின் மார்த்தபான் பகுதியில் ஆம்ஹெர்ஸ்டியா என்னும் செம்மலர் மரத்தை 1820-களில் கண்டு உலகுக்கு அறிவித்திருந்தார். அதனை உயிருடன் பெற விரும்பிய டெவன்ஷயர் கோமகன், ஜான் கிப்சன் என்னும் இளந்தோட்டக்காரரை அனுப்பினார். 1836-ல் கல்கத்தா வந்த கிப்சன், காசி மலைகளில் ஆர்க்கிட் வகைகளைத் திரட்டி, வாலிச் அளித்த ஆம்ஹெர்ஸ்டியாவுடன் பெட்டிகளில் ஏற்றி 1837-ல் இங்கிலாந்து மீண்டார். ஆயினும் அங்கே அம்மரம் முதன்முதல் மலர்ந்தது கோமகனின் மாளிகையில் அன்று. 1849-ல் ஈலிங்கில் லாரன்ஸ் அம்மையாரின் தோட்டத்தில். பெட்டி செடியைக் கொண்டு சேர்க்கும். மலரவைப்பது வளர்ப்போர் கையில் இருக்கிறது.

அடுத்தது தேயிலை. சீனத் தேயிலை இந்தியாவுக்கு வந்ததே இப்பெட்டியால்தான் என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. 1834-ல் பெண்டிங்க் பிரபு அமைத்த தேயிலைக் குழு, கார்டன் என்பவரைச் சீனத்துக்கு அனுப்பி விதைகளைத் தருவித்தது. சிப்பூர்த் தோட்டத்தில் அவற்றிலிருந்து 42,000 நாற்றுகள் எழுப்பப்பட்டன. 20,000 அஸ்ஸாமுக்கும், 20,000 குமாவோன் முதலிய இமயச் சாரல்களுக்கும், 2,000 தென்னிந்தியாவுக்கும் சென்றன. நீலகிரியில் கேத்திப் பண்ணைக்கு வந்தவை இத்தொகுதியைச் சேர்ந்தவை. ஆக, நீலகிரித் தேயிலையின் முதல் நாற்றங்கால் ஹூக்ளிக் கரையில் இருந்தது எனலாம். இவற்றுள் பெரும்பாலானவை வழியிலும் நட்ட இடத்திலும் பட்டுப்போயின. அஸ்ஸாமில் இறுதியாக வென்றது, அங்குள்ள சிங்போ மக்கள் முன்பே அறிந்திருந்த உள்நாட்டுத் தேயிலையே. வாலிச் 1839-ல் இலங்கையின் பேராதனைத் தோட்டத்துக்கு அனுப்பியதும் அந்த அஸ்ஸாம் இனத்தின் விதைகளைத்தான்.

பெட்டியின் பங்கு 1848-க்குப் பிறகு வருகிறது. கும்பினியார் அமர்த்திய ராபர்ட் பார்ச்சூன், சீன உடை தரித்து உள்நாட்டுத் தேயிலைப் பகுதிகளில் சுற்றினார். தேயிலை விதை விரைவில் முளைப்புத் திறன் இழப்பது. பையில் அனுப்பினால் பாழாகும். ஆகவே வார்டு பெட்டியில் முசுக்கட்டைக் கன்றுகளை நட்டு, அவற்றின் இடையிலேயே தேயிலை விதைகளைத் தூவி மண்ணால் மூடி அனுப்பினார். பெட்டி கல்கத்தா வருவதற்குள் விதைகள் முளைத்துவிட்டன! பிரயாணமே நாற்றங்கால் ஆயிற்று. 1851 மார்ச்சில் அவரே பெட்டிகளுடன் கல்கத்தா வந்தார். செடிகள் அங்கிருந்து வடக்கே சகாரன்பூரை அடைந்தபோது எண்ணப்பட்டவை 12,838. அவருடன் சீனத் தேயிலைத் தொழிலாளர் சிலரும் வந்தனர். செடி மட்டும் வந்தால் தேயிலை ஆகாது; இலையை வறுத்து உருட்டும் கையும் வரவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூன்றாவது சிங்கோனா. இதன் பட்டையிலிருந்தே மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எடுக்கப்படுகிறது. தென்னமெரிக்க மலைகளுக்குரிய இம்மரத்தை இந்தியாவுக்குக் கொணரும் பணியைக் கிளமெண்ட்ஸ் மார்க்கம் ஏற்றார். 1860-ல் பெரு நாட்டில் அவர் திரட்டிய கன்றுகள் வார்டு பெட்டிகளில் இங்கிலாந்து வழியாகவும், செங்கடல் வழியாகவும் பம்பாய்க்கு வந்து, அக்டோபரில் உதகமண்டலம் சேர்ந்தன. ஆனால் செங்கடலின் அனலும் வழித்தாமதங்களும் அவற்றின் உயிரை உறிஞ்சிவிட்டன, அத்தொகுதி அழிந்தது. பெட்டி நீரைக் காக்குமேயன்றி வெப்பத்தைத் தடுக்காது. குறைபாடு கண்டபின் கவனம் கூடியது. ஈக்வடார் நாட்டில் ஸ்புரூஸ் திரட்டிய சிவப்புப்பட்டைக் கன்றுகள் 637-ஐ ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்காரர் கூடவே இருந்து காத்துக் கொணர்ந்தார். 1861 ஏப்ரலில் 463 கன்றுகள் உதகையை அடைந்தன. முதல் தொகுதிக்கும் இரண்டாம் தொகுதிக்கும் பெட்டி ஒன்றே. பிரயாணம் முழுதும் உடனிருந்து பேணிய கைக்கு இவ்வெற்றியில் பெரும்பங்கு உண்டு.

உதகைத் தோட்டத் தலைவர் மேக்ஐவர், பதியம் வைத்தும் சிறு தண்டுகளை வேர்விடச் செய்தும் சில ஆண்டுகளில் கன்றுகளை இலட்சக்கணக்கில் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் காட்டைத் திருத்தியோருள், மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர். வங்காளத்தில், சிப்பூர்த் தோட்டத் தலைவர் ஆண்டர்சன் டார்ஜிலிங் மலைகளில் சிங்கோனாவை நிலைபெறச் செய்தார். 1892 முதல் வங்காளத்தின் தபால் நிலையங்களில் கொயினாப் பொட்டலம் ஒரு பைசாவுக்கு விற்கப்பட்டது. பவானிபூரின் வட எல்லையில் பி.ஜி. மருத்துவமனை என்று மக்கள் அழைக்கும் பெரிய மருத்துவமனை உள்ளது. 1898-ல் ரொனால்டு ராஸ், பறவைகளிடையே கொசு மூலம் மலேரியாக் காய்ச்சல் பரவும் முறையை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது அங்கேதான். நோயின் வழியைக் கண்ட இடமும், மருந்தின் வழியைத் திறந்த தோட்டமும் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்தமை சிந்திக்கத் தக்கது.

நான்காவது ரப்பர். 1873-ல் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தார் ஆறு பிரேசில் ரப்பர் கன்றுகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். இங்குள்ள தட்பவெப்பம் அவற்றுக்கு ஒவ்வவில்லை. 1876-ல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த எழுபதாயிரம் விதைகளில் சிறு பகுதியே கியூவில் முளைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் 1,919 கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்குச் சென்றன. பெரும்பாலானவை பிழைத்தன, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் வேரூன்றின. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. இலங்கையிலும் மலேயாவிலும் பின்னர்ப் பரந்த ரப்பர்க் காடுகளுக்கு இப்பெட்டிகளே தொட்டில்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தேயிலைக்கும் ரப்பருக்கும் நிலம் கிடைத்தது, கன்று கிடைத்தது. கை வேண்டாமா? 1834-ம் ஆண்டைத் திரும்பிப் பாருங்கள். வார்டின் பெட்டிகள் சிட்னியிலிருந்து கடலில் வந்துகொண்டிருந்த அதே ஆண்டில், தேயிலைக் குழு அமைந்த அதே ஆண்டில், அட்லஸ் என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் 36 பேரை ஏற்றிக்கொண்டு மொரீஷியஸ் தீவுக்குச் சென்றது. அதன்பின் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பல்லாயிரவர் கடல் கடந்தனர். இலங்கைக்குச் சென்ற தமிழர், கங்காணிமாரின் பின்னே, கடல் தாண்டிக் காட்டுவழியில் கால்நடையாக மலைநாட்டை அடைந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மடிந்தோர் மிகப் பலர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியோரிலும் தமிழர் மிகுதி. இலங்கையில் 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964-ன் ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியோருள் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலேயே வேலைக்கு அமர்ந்தனர்.

இரண்டு மாதமோ எட்டு மாதமோ, ஒரு கன்று உயிருடன் சேரவேண்டும் என்று அறிஞர்கள் சிந்தித்தார்கள். ஈரம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று அளந்தார்கள். இத்தனை அனுப்பினோம், இத்தனை பிழைத்தன என்று எண்ணிக்கை எழுதிவைத்தார்கள். அக்கன்றை வளர்க்கச் சென்ற மனிதருக்கு அந்த அக்கறையில் பாதியேனும் கிடைத்ததா என்று கேட்பது வரலாற்றைப் பழிப்பதாகாது. அதனை முழுமையாகப் படிப்பதே ஆகும். கிராஸ், கிப்சன் ஆகிய தோட்டக்காரர்களின் பெயர்களேனும் ஏட்டில் நின்றன. சிப்பூரில் 42,000 நாற்றுகளுக்கு நீர் வார்த்த மாலிகளின் பெயரை நாம் எந்த வரலாற்று நூலிலும் காண்பதில்லை.

இக்கேள்வியைப் பவானிபூர் முன்பே கேட்டிருக்கிறது. இப்பகுதியை ஊடறுத்துச் செல்லும் ஹரீஷ் முகர்ஜி சாலை, இங்கு வாழ்ந்த ஹரீஷ் சந்திர முகர்ஜியின் (1824-1861) பெயரைத் தாங்கியது. அவர் படைத்துறைக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். அதனோடு இந்து பேட்ரியட் என்னும் பத்திரிகையையும் நடத்தினார். தம் வயலில் அவுரி பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளால் வற்புறுத்தப்பட்ட வங்கக் குடியானவர்கள் 1859-ல் மறுத்து எழுந்தபோது, அவர்களுடைய துயரை இடையறாது எழுதினார். பொருளையும் உடல்நலத்தையும் அதற்கே செலவிட்டார். சிவப்புப்பட்டைக் கன்றுகள் உதகையை அடைந்த 1861-ம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். ஒரு பயிரின் வரலாற்றில், நட்டவன் விரும்பி நட்டானா என்ற கேள்வியும் அடங்கும் என்பதை நமக்கு உணர்த்தியவர் அவர்.

பெட்டியின் மறுபக்கம் இன்னொன்றும் உண்டு. கேரியின் பையில் ஒட்டிய மண் டெய்சியைத் தந்தது. ஆனால் செடியோடு மண்ணும் சேர்ந்து பிரயாணம் செய்த வார்டு பெட்டியில், புழுவும் பூச்சியும் பூஞ்சாணமும் கட்டணமின்றி ஏற வழி இருந்தது. நோயும் களையும் நாடுவிட்டு நாடு பரவுவதைக் கண்டு, அரசுகள் காவல் விதிகளை வகுத்தன. இந்தியாவில் 1914-ல் தீங்குசெய் பூச்சிகள், நோய்கள் குறித்த சட்டம் இயற்றப்பட்டது. மண்ணோடு செடி அனுப்புதல் படிப்படியாக அருகியது. விமானமும் பிளாஸ்டிக் உறையும் வந்தபின், மாதக்கணக்கான காவல் தேவையற்றுப் போயிற்று. 1960-களின் தொடக்கத்தில் கியூ தோட்டமும் வார்டு பெட்டியைக் கைவிட்டது. இன்று அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே.

சிப்பூர்த் தோட்டம் இன்றும் நிற்கிறது. 2009-ம் ஆண்டில் அதற்கு ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸின் பெயர் சூட்டப்பட்டது. செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று ஆராய்ந்த அறிஞரின் பெயர் அதற்கு மிகவும் பொருத்தமே. அலிப்பூர்த் தோட்டத்திலும் குளிர்காலந்தோறும் மலர்கள் மலர்கின்றன. அங்கிருந்து நாற்று வாங்கி வருவோர் சிலர், பிளாஸ்டிக் புட்டியின் அடியை வெட்டி எடுத்து இளஞ்செடியின்மேல் கவிழ்த்து வைப்பதைப் பவானிபூர் மாடிகளில் நாம் பார்த்திருக்கிறோம். காலையில் புட்டியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். வெயில் ஏற ஏற அது மண்ணுக்கு இறங்கும். இலண்டன் மருத்துவர் 1829-ல் கண்ட காட்சி அதுவே. அடுத்தமுறை ஒரு கோப்பைத் தேநீரை நாம் கையில் ஏந்தும்போது, செடியைக் காத்த கண்ணாடியை நினைப்பதோடு, அச்செடியைக் காத்த கைகளையும் ஒருகணம் நினைப்போமாக.